அண்ணாச்சியின் பஞ்சர் பை

வேலைக்குப் போகிற அவசரத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகப் பார்த்து உங்கள் சைக்கிள் பஞ்சரானால் என்ன செய்வீர்கள்?

நெல்லையப்பன் அண்ணாச்சி தள்ளிக்கொண்டு நடந்தார். நான்கு கிலோமீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் அவரும் காற்றுப்போன சைக்கிளும். மேட்டுப்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்குக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழே முக்கால்.

விலக்கில் ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிற தாய்மார் தங்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். அண்ணாச்சி ஏழு மணிக்கு வந்து பிள்ளைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்கு ஆயா வந்ததும் அவர் வேலை முடிந்தது. கம்பெனி வேன் ஏழு இருபதுக்கு வந்துவிடும். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், அந்த இருபது நிமிஷம் எவ்வளவு பெரியது என்று.

அன்றைக்கு வேன் வந்து, ஹாரன் அடித்து, போயும் விட்டது. நான்கு பெண்கள் வீட்டுக்கு ஓடி, மாமியாரிடமும் மதினியிடமும் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு வேனைப் பிடித்துவிட்டார்கள். செண்பகவல்லி மட்டும் நின்றுவிட்டாள். அவள் அந்த ஊருக்கு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. வாடகை வீடு. புருஷனுக்குக் கேரளாவில் வேலை. இடுப்பில் ஒன்றரை வயது தன்ஷிகா.

"இன்னொரு தடவை வராம நின்னா, அப்புறம் வரவே வேண்டாம்னு சூப்பர்வைசரம்மா போன்ல சொல்லிட்டாங்க அண்ணாச்சி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை அவர் குருவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

குருவின் பெயர் உலகம்மை. வயது முப்பத்தாறு. அண்ணாச்சிக்கு ஐம்பத்தொன்பது. குரு சிஷ்யரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார், சிஷ்யர் குருவை அம்மா என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்குக் கிடையாது.

அவர்களுடைய குடிலில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே தங்குகிறவர் யாரானாலும், தன்னை எதிர்பார்த்து யாராவது காத்திருக்கிற ஒரு வேலையைத் தினமும் வெளியே போய்ச் செய்துவிட்டு வர வேண்டும். கண்ணை மூடி உட்காருவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். உலகம்மை சைக்கிளில் ஊர் ஊராகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு வருவார். அண்ணாச்சிக்கு மேட்டுப்பட்டி விலக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பதினோரு கிலோமீட்டர். அந்த ரோட்டில் முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான்.

"அம்மா, வழியில எது கெட்டாலும் நான் நிக்கக் கூடாது. அதுக்கு என்ன வழி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நீங்க என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

"தேவையானதெல்லாம் கையோட வச்சுக்கலாம்னு இருக்கேன்."

"வச்சுக்கோங்க," என்றார் உலகம்மை.

அண்ணாச்சி ஒரு நூல் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் என்ஜினியரே அவருடைய ஜன்னலுக்கு வந்து நிற்க வேண்டும். இல்லை என்று அவர் சொன்னதாக மில்லில் யாருக்கும் ஞாபகமில்லை. அப்படிப்பட்டவர் சாமான் வாங்கக் கிளம்பினால் எப்படியிருக்கும்?

மூன்றாம் நாள் கேரியரில் ஒரு காக்கிப் பை ஏறியது. உள்ளே டியூப் இரண்டு, ஒட்டுப்போடும் சொல்யூஷன், பேட்ச், உப்புத்தாள், பிரேக் கட்டை, பிரேக் கம்பி, செயின் துண்டு, ஆறு அளவில் ஸ்பேனர், கைப்பம்பு. எல்லாம் தனித்தனி கவரில். ஒவ்வொரு கவர் மேலும் பெயர் எழுதிய சீட்டு.

உலகம்மை பையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள இன்னொரு சைக்கிள் இருக்கோ?"

"கிண்டல் பண்ணாதீங்கம்மா."

"சரி, கிண்டல் பண்ணல." உலகம்மை அவருடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினார். சேலையில் ஒட்டியிருந்த ஒரு கருவேல முள்ளை எடுத்து, பின் டயரில் வைத்து, கல்லால் ஒரு தட்டுத் தட்டினார். புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"அய்யய்யோ, என்னம்மா இது!"

"ஒட்டுங்க. நான் பாத்துக்கிட்டே உலை வைக்கிறேன்."

அண்ணாச்சி முதலில் பின் சக்கரத்தையே கழற்றினார். அதற்கே அரை மணி நேரம். ஆறு ஸ்பேனரில் ஒன்றுகூட அந்த நட்டுக்குச் சேரவில்லை. அடுத்த வீட்டு ஸ்பேனரை உலகம்மைதான் வாங்கிவந்து கொடுத்தார். ஒட்டினார். ஒட்டு உரிந்து வந்தது. மறுபடி ஒட்டினார். சோறு வெந்து இறங்கியும் சைக்கிள் எழுந்திருக்கவில்லை.

"சக்கரத்தை எதுக்குக் கழட்டினீங்க அண்ணாச்சி? டயரை ஒரு பக்கம் நெம்பினா டியூப் கைக்கு வந்துருமே."

"யாரும் சொல்லலையே."

"யாரையும் கேக்கலையே."

அண்ணாச்சி கையைத் துடைத்தார்.

மறுநாள் மாலையும் காற்று இறங்கியிருந்தது. அண்ணாச்சி டியூபை வெளியே எடுத்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி முக்கிப் பார்த்தார். ஓட்டையே இல்லை. நான்கு சுற்று சுற்றிவிட்டார்.

"டியூப் வாயில இருக்கிற வால்வ் ரப்பரைப் பாத்தீங்களா?"

அது அறுந்திருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ரப்பர். காக்கிப் பையில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. உலகம்மை தன் சைக்கிளிலிருந்து ஒரு பழைய பல்பொடி டப்பாவை எடுத்தார். அதற்குள்ளே கொஞ்சம் உப்புத்தாள், நான்கைந்து பேட்ச், சொல்யூஷன், நெம்புகிற பட்டை இரண்டு, அவர் நட்டுக்குச் சேர்கிற ஒரே ஒரு ஸ்பேனர், அப்புறம் ஒரு சாண் வால்வ் ரப்பர். கை துடைக்கப் பழைய சேலைக் கிழிசல்.

"இவ்வளவுதானா?"

"இதுலயும் பாதி, வழியில மத்தவங்களுக்குத்தான் ஆகுது."

அடுத்த நாள் அண்ணாச்சி சுறுசுறுப்பாக ஓட்டையைக் கண்டுபிடித்தார். உப்புத்தாளால் தேய்த்தார், சொல்யூஷன் தடவினார், காயும்வரை பொறுத்திருந்தார், ஒட்டினார், டயரை உள்ளே தள்ளிக் காற்றடித்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. சைக்கிளை உருட்டினார். பத்தடி போவதற்குள் மறுபடி புஸ்ஸென்றது.

"நல்லாத்தானே ஒட்டினேன்!"

"ஒட்டு நல்ல ஒட்டுத்தான். முள்ளு டயருக்குள்ளேயே இருக்கு அண்ணாச்சி. ஒட்டுறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் விரலை விட்டுத் தடவணும்."

"கையில குத்திருமே."

"குத்தினாத்தான் தெரியும்."

இப்படியே எட்டு நாள். எட்டாம் நாள் அண்ணாச்சி கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவினார். காக்கிப் பையும் கொஞ்சம் மாறியிருந்தது. நட்டுக்குச் சேர்கிற ஸ்பேனர் வந்திருந்தது, வால்வ் ரப்பரும் வந்திருந்தது. பழையது எதுவும் போகவில்லை.

"இனி எதுக்கும் பயமில்லம்மா. அரை மணி முந்தியே கிளம்பிடுறேன். வழியில ஒரு பஞ்சர் ஆனாலும் ஒட்டிட்டு நேரத்துக்குப் போயிருவேன்."

"சரி அண்ணாச்சி," என்றார் உலகம்மை.

அதற்கு அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை.

அண்ணாச்சி பாதி வழி தாண்டியிருந்தார். மேடு ஏறும்போது வலது காலுக்குக் கீழே கடக்கென்று ஒரு சத்தம். மிதிகட்டை, அது மாட்டியிருக்கும் இரும்புக் கையோடு சேர்ந்து ரோட்டில் விழுந்தது. அதை அச்சில் பிடித்து நிறுத்துகிற ஆணி இரண்டாக முறிந்திருந்தது.

அண்ணாச்சி பதறவில்லை. மணி ஆறு பத்து. சைக்கிளை நிறுத்தி, துண்டை விரித்து, பையிலிருந்த கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். அந்த ஆணி இல்லை. இருக்காது என்று கைக்குத் தெரிந்த பிறகும் இரண்டாம் தடவை எடுத்து வைத்தார்.

பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்து நின்றது. பால்கார இசக்கிமுத்து. இரண்டு பக்கமும் கேன், நடுவில் அவன்.

"என்ன அண்ணாச்சி, நடுரோட்டுல கடை போட்டுட்டீங்க?"

"ஒண்ணுமில்லப்பா, சின்ன வேலை."

"ஏறுங்க. கேனை முன்னால வச்சுக்கிறேன். விலக்குல இறக்கிவிட்டுட்டுப் போறேன்."

அண்ணாச்சி கடை பரப்பியிருந்த துண்டைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா. என்கிட்ட எல்லாம் இருக்கு."

"நெசமாவா?"

"எல்லாமே இருக்கு. நீ கிளம்பு, பால் கெட்டுரும்."

"சரி அண்ணாச்சி," என்று இசக்கிமுத்து போய்விட்டான்.

அண்ணாச்சி பிரேக் கம்பியை மடக்கி ஆணிக்குப் பதிலாகச் செருகினார். இரண்டு மிதியில் கம்பி அறுந்தது. ஸ்பேனரின் வால்பக்கத்தை வைத்து அடித்துப் பார்த்தார். அது நழுவிக் கையில் பட்டு ரத்தம் வந்தது. மணி ஆறு ஐம்பது. ரோட்டில் வேறு வண்டி இல்லை. கவர்களைப் பைக்குள் அடுக்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். போட்டுவிட்டு ஓடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். இவ்வளவு சாமானை ரோட்டில் போட்டுவிட்டா?

ஏழு மணிக்கு செண்பகவல்லி போன் செய்தாள்.

"எங்க வர்றீங்க அண்ணாச்சி?"

"வந்துக்கிட்டே இருக்கேன் தாயி. பக்கத்துல வந்துட்டேன். அஞ்சே நிமிஷம்."

நாம் எல்லோரும் சொல்கிற அஞ்சு நிமிஷம்தான். ஆனால் அவள் அதை நம்பினாள். பக்கத்து வீட்டில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடவில்லை. நம்பி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

அண்ணாச்சி வந்தபோது மணி ஏழு நாற்பது. வேன் போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது. மற்ற பெண்கள் போன தடவை போலவே பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு ஏறிப் போயிருந்தார்கள். செண்பகவல்லி படியில் உட்கார்ந்திருந்தாள். டிபன் டப்பா மடியில். தன்ஷிகா அண்ணாச்சியைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தாள். அதற்கு என்ன தெரியும்?

"தாயி..."

"விடுங்க அண்ணாச்சி. வேணும்னா செஞ்சீங்க? கையில ரத்தம் வருது பாருங்க, முதல்ல கழுவுங்க." எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "சூப்பர்வைசரம்மாகிட்ட போன்ல கேட்டு வேன் டிரைவர் சொல்லிட்டுப் போயிட்டாரு, நாளையிலருந்து என் இடத்துல வேற ஆள் ஏறுதாம்."

மதியம் அண்ணாச்சி சைக்கிளை விலக்கில் ஒரு கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் குடிலுக்கு வந்தார். சாப்பிடவில்லை. உலகம்மை வேலை முடிந்து வரும்வரை வாசல் வேப்பமரத்துக்குக் கீழே நின்றுகொண்டேயிருந்தார்.

உலகம்மை வந்தார். கால் முழுக்கப் புழுதி. உள்ளே வந்து தரையில் சாய்ந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி எதையும் மறைக்காமல் சொன்னார்.

"எல்லாம் இருந்துச்சும்மா. அந்த ஒரு ஆணி மட்டும் இல்லாமப் போச்சு. நாளைக்கு அதையும் வாங்கி வச்சுருவேன். ஆனா செண்பகவல்லிப் பிள்ளைக்கு வேலை போயிருச்சே."

"வழியில யாருமே வரலையா அண்ணாச்சி?"

அண்ணாச்சி கையில் கட்டியிருந்த துணியை இழுத்து இறுக்கினார்.

"பால்கார இசக்கி வந்தான்."

"என்ன சொன்னான்?"

"ஏறுங்கன்னான்."

"நீங்க?"

"எல்லாம் இருக்குன்னேன்."

உலகம்மை சிரிக்கவில்லை. அவருடைய கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, காயத்தைப் பார்த்து, மருந்து வைத்து, புதுத் துணியில் கட்டினார்.

"கம்பெனிக்குப் போய்ச் சொல்லலாம்ல? அவ மேல தப்பில்லன்னு."

"எனக்குக் கேக்க வராதும்மா." அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. "முப்பத்திரண்டு வருஷம் எல்லாரும் என் ஜன்னல்ல வந்து நின்னாங்க. நான் ஒருத்தர் ஜன்னல்லயும் போய் நின்னதில்ல. எம்பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட நான் யாரையும் கேக்கல. என்ன சொல்லி ஆரம்பிக்கணும்னே எனக்குத் தெரியாது. நீங்க சொல்லிக் கொடுங்க. எப்படிக் கேக்கணும்?"

உலகம்மை சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி தாங்களேன்."

அண்ணாச்சி எழுந்தார். குருவைச் சுற்றிக்கொண்டு போய், பானையில் மொண்டு, சொம்பைத் துடைத்துக் கொடுத்தார். உலகம்மை நிதானமாகக் குடித்தார்.

"நான் கேட்டதும் என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க?"

"நினைக்க என்ன இருக்கு? தாகம்னு நினைச்சேன்."

"பானை என் கைக்கு எட்டுற இடத்துலதான இருக்கு?"

"கவனிச்சேன்."

"பின்ன ஏன் எந்திரிச்சீங்க?"

"நீங்க கேட்டீங்களே, அதான்."

உலகம்மை சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"கம்பெனி விட இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி பையை எடுக்கக் கை நீட்டினார். பிறகு எடுக்காமலே வெளியே போனார்.

ரோட்டில் நின்றார். ஒரு கார் போயிற்று, கை தூக்கவில்லை. ஒரு டிராக்டர் போயிற்று, கை பாதி வரை எழுந்து இறங்கிவிட்டது. அப்புறம் இசக்கிமுத்துவின் மொபெட் சாயங்காலப் பாலுக்கு வந்தது. அண்ணாச்சி நடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"அடிச்சுருப்பேன் அண்ணாச்சி! என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "இசக்கி, என்னைத் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"அதுக்கா இப்படி குறுக்க விழுந்தீங்க? ஏறுங்க."

சூப்பர்வைசரம்மா கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னலுக்கு உள்ளே இருந்தார். அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே நின்றார். அவருக்கு முன்னால் இரண்டு பேர். தன் முறை வரும்வரை நின்றார்.

"யாரு நீங்க? என்ன வேணும்?"

"செண்பகவல்லி பிள்ளையப் பாத்துக்கிறவன் நான். ரெண்டு தடவையும் லேட்டா வந்தது நான்தான், அந்தப் பொண்ணு இல்ல. இன்னைக்கு ஒருத்தர் வண்டியில ஏறச் சொல்லியும் ஏறாம நின்னுட்டேன். அஞ்சு நிமிஷத்துல வர்றேன்னு அதுகிட்ட பொய்யும் சொன்னேன்." மூச்சு வாங்கியது. "தண்டனை அதுக்குப் போயிருச்சு. அதை மறுபடி வேலைக்குச் சேத்துக்கோங்கம்மா. உங்களக் கேட்டுக்கிறேன்."

சூப்பர்வைசரம்மா அவருடைய கைக்கட்டையும் நரைத்த தலையையும் பார்த்தார்.

"வேலைய விட்டுத் தூக்கணும்னு எனக்கும் ஆசையா அண்ணாச்சி? ஒரு ஆள் குறைஞ்சா பெட்டி அடைக்கிற வரிசையே நிக்குது. மேல எனக்குத்தான் திட்டு விழுது. கை வேகமான பிள்ளைதான் அது." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "வேற ஆளுக்குச் சொல்லிட்டேன், அதை நிறுத்திக்கிறேன். நாளைக்கு வேன்ல ஏறச் சொல்லுங்க. ஆனா நாளைக்கும் உங்க சைக்கிள் படுத்துக்கிச்சுன்னா என்ன செய்வீங்க?"

அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்ற மொபெட்டைத் திரும்பிப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

இசக்கிமுத்து வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "காயா, பழமா?"

"நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"அப்புறம் என்ன? ஏறுங்க, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டுப் போவோம்."

அண்ணாச்சி ஏறவில்லை. கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இசக்கி, நாளைக்குக் காலையில நான் வழியில நிக்கிறதப் பாத்தேன்னா வண்டிய நிறுத்து. எல்லாம் இருக்கு, வேண்டாம்னுதான் சொல்லுவேன். பழக்கம் அப்படி. நீ அதைக் கேட்டுட்டுப் போயிராதப்பா."